நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லும் ஒரு மருந்துச் சீட்டும்

உத்தனப்பள்ளியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு விளையாட்டு நடத்துகிறேன். பலகையில் சில ஆங்கில எழுத்துகளை எழுதுவேன். அவை எல்லாம் வருகிற மிக நீளமான சொல்லைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பேனா பரிசு. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் வரும் சொல் கேட்டபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'எஜுகேஷன்' என்றான். அன்று எல்லோரும் கை தட்டினோம்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ். ஓசூர் கம்பெனி கேட்டில் நேர்காணலுக்கு நிற்கும்போது மட்டும் ஆங்கிலம். அந்த கேட்டில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தவன் நான். இவர்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் விளையாட்டைத் தொடங்கினேன்.

ஒரு வாரம் சி, ஏ, எஸ், டி, ஈ என்ற ஐந்து எழுத்துகளைக் கொடுத்தேன். சேர்த்துப் படித்தால் 'காஸ்ட்', அதாவது சாதி. ஒருத்தி 'அவுட்காஸ்ட்' என்றாள். இன்னொருவன் பதின்மூன்று எழுத்தில் 'சொஃபிஸ்டிகேட்டட்' என்றான். பிறகு பிளஸ் ஒன் படிக்கும் பெண் எழுந்து வந்து, பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதினாள்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். 45 எழுத்து. யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். சரிபார்த்தோம். ஐந்து எழுத்தும் அதில் இருந்தன.

"அர்த்தம் என்ன?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பொடியான சிலிக்கா தூசியை மூச்சுல இழுத்தா வர்ற நுரையீரல் நோய்ண்ணா."

பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் கேட்டான்: "கிரஷர்ல வேலை செஞ்சவங்களுக்கு வர்றதாண்ணா?"

யாரும் கை தட்டவில்லை.

என் சித்தப்பா பதினோரு வருடம் கிரஷரில் ஜல்லி அள்ளினார். மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டி.பி. என்றார்கள். ஆறு மாத மாத்திரை முடிந்தது, இருமல் நிற்கவில்லை. மறுபடியும் ஆறு மாதம் கொடுத்தார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வேலைக்கும் இருமலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எங்களுக்கே தெரியாது. அவர் இறந்தபோதும் சீட்டில் டி.பி. என்றுதான் இருந்தது.

இந்த 45 எழுத்துச் சொல் மருத்துவர்கள் வைத்ததல்ல. அமெரிக்காவின் தேசியப் புதிர் விளையாட்டாளர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்று 1935-இல் செய்தது. பின்னர் அகராதியிலும் ஏறிவிட்டது. மருத்துவர்கள் அந்த நோய்க்கு எழுதும் பெயர் ஒன்பதே எழுத்து: சிலிக்கோசிஸ்.

அதே ஆண்டுகளில் அதே அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையைத் தோண்டியவர்கள் இந்த நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். 1930-இல் வேலை தொடங்கியது. சிலிக்கா நிறைந்த பாறையைத் தண்ணீர் தெளிக்காமல், முகமூடி இல்லாமல் துளைத்தார்கள். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1936-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்தது 764 பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. வெள்ளையர் இடுகாட்டில் இடமில்லாததால் கறுப்புத் தொழிலாளர் பலரை ஒரு வயல்காட்டில் புதைத்தார்கள். தனிச் சுடுகாடு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே 1936-இல்தான் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வெளிவந்தது. சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு, அது உழைப்பவர்களையே மேல்கீழாக அடுக்கும் ஏற்பாடு என்று அதில் பதில் சொன்னார். கிருஷ்ணகிரி கிரானைட் பளபளக்கும் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், அந்தக் கல்லை உடைத்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று பாருங்கள். இன்று அந்த வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் அவர்கள் ஊரின் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவித்திரிபாய் காலத்திலிருந்து நம் இயக்கம் அந்த மொழியை ஒரு சாவியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் சாவியை ஆட்டிக் காட்டுவது வேறு, பூட்டைத் திறப்பது வேறு. 2018-இல் சசி தரூர் 29 எழுத்துச் சொல் ஒன்றை ட்விட்டரில் போட்டபோது பலரும் அதை உச்சரித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். நீளமான சொல் தெரிந்தவர் அறிவாளி என்ற எண்ணம், மந்திரம் தெரிந்தவர் உயர்ந்தவர் என்ற பழைய எண்ணத்தின் பேரப்பிள்ளை. நானும் பேனா கொடுத்து அதைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பது எழுத்துச் சொல் மருந்துச் சீட்டில் ஏறினால் என்ன ஆகும்? சிலிக்கோசிஸ், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றது. பார்த்த மருத்துவருக்கே தகவல் தரும் கடமையை அந்தச் சட்டம் விதித்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருந்தது. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நோயாளிக்கும், அவர் இறந்தால் குடும்பத்துக்கும் நிவாரணம் தருகிறது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு கொள்கை வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். டி.பி. என்று எழுதினால் அது நோயாளியின் தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் முதலாளியும் அரசும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு எளிதில் எழுதப்படுவதில்லை.

இந்த நோய்க்குக் குணம் இல்லை. வராமல் தடுக்க முடியும். துளைக்கும்போது தண்ணீர், தூசியை மூடி வைக்கும் தடுப்பு, சரியான முகமூடி. இவை ஒன்றும் பெரிய விஞ்ஞானமல்ல.

இப்போது எங்கள் விளையாட்டை மாற்றிவிட்டோம். பிள்ளைகள் அந்த ஒன்பது எழுத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போய், வீட்டில் யார் குவாரியிலும் கிரஷரிலும் எத்தனை வருடம் வேலை செய்தார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டு எழுதி வருகிறார்கள். வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதவர்களே அதிகம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கணக்கும் நெஞ்சு எக்ஸ்ரேவும் சேர்ந்து போகும். உங்கள் ஊரிலும் கல் உடைப்பவர்கள் இருந்தால், தோழர்களே, அவர்களோடு ஆஸ்பத்திரி வரை போங்கள். "டாக்டர், இவர் கிரஷரில் வேலை செய்தவர், சிலிக்கோசிஸா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். நாம் படித்த ஆங்கிலத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறதா?