லயன் வீட்டுக்கும் சூரிய மின்சாரம் வேண்டும்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. நம் பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம் ஏறியது. பின்னர் குறைத்தார்கள். ஆனாலும் பில் வரும் நாளில் வரும் பயம் நம்மை விட்டுப் போகவில்லை.

வசதி உள்ளவர்கள் தப்பிக்க வழி கண்டார்கள். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்ராமய' திட்டத்தில் தங்கள் கூரையில் சோலார் பூட்டினார்கள். நமக்கு அது எட்டவில்லை. லயன் கூரை நமதில்லை. பழைய தகரம் பாரம் தாங்காது. வங்கியில் ஈடு வைக்க நம்மிடம் காணி உறுதியும் இல்லை.

இதற்கு வழி கூட்டுச் சூரிய மின்சாரம். ஆளுக்கொரு கூரை தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலைக் கூரையிலோ பாடசாலைக் கூரையிலோ ஒரே நிலையம் அமைப்பார்கள். மின்சாரம் பொதுக் கம்பிக்குப் போகும். அவரவர் பங்குக்குரிய அலகுகளை அவரவர் பில்லில் கழிப்பார்கள். டெல்லியில் 2019இலேயே இதற்கு விதிமுறை வந்துவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் சோலார் மாதம் ஏறக்குறைய 100 அலகு தரும். மூடுபனித் தோட்டங்களில் குறையும். 20 கிலோவாட் நிலையத்தை 40 குடும்பங்கள் பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் சுமார் 50 அலகு. தேத்தண்ணிக் கடை, மாவரைக்கும் ஆலை, சலூன் வைத்திருப்பவர்களும் தேவைக்கேற்பப் பங்கு எடுக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். பற்றரி இல்லாத நிலையம் மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். இது பில்லைக் குறைக்கும், மின்வெட்டைத் தீர்க்காது.

நிலையம் யார் பெயரில் இருக்கும் என்பதே முக்கிய கேள்வி. கம்பனி பெயரில் இருந்தால் நாம் மறுபடியும் குடியிருப்பாளர்கள்தான். 1990களிலிருந்து இலங்கையின் பல மலைக்கிராமங்களில் மக்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஓடை நீரில் சிறு மின்நிலையம் நடத்தினார்கள். நம்மாலும் முடியும்.

ஆகவே நாம் கேட்பவை:

நிலையம் உறுப்பினர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் நிர்வாகத்தில் பெண்கள் பாதி இருக்க வேண்டும்.

ஒரே நிலையத்தின் அலகுகளைப் பல மின்மானிகளுக்குப் பகிரும் விதி தோட்டங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பம் தன் பங்கை விற்கவோ பிள்ளைக்குக் கொடுக்கவோ உரிமை வேண்டும்.

நம் ஒப்புதல் இல்லாமல் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. வரவு செலவு மாதாமாதம் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாத மின்பில்லையும் எடுத்து வாருங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை அலகு தேவை என்று முதலில் நாமே எழுதுவோம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போவோம்.