ஆளையே எண்ணாம கணக்கை முடிச்சாங்க

1/ "கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு உதவி?" நியாயமான கேள்விதான். ஆனா எதை வச்சு நிறுத்தறோம்? ஒரு உதாரணம் சொல்றேன்.

2/ மார்ச் 2020: கொரோனா பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடுன்னு மத்திய அரசு அறிவித்தது. டாக்டர், நர்ஸ் மட்டுமில்ல. துப்புரவுப் பணியாளர்களுக்கும் உண்டு.

3/ செப்டம்பர் 2020: எத்தனை பேர் இறந்தார்கள்? நாடாளுமன்றத்தில் வந்த பதில்: சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, மத்திய அளவில் தரவு இல்லை. உடனே இந்திய மருத்துவச் சங்கம் இறந்த 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது.

4/ மார்ச் 24, 2021: திட்டத்தை முடித்தார்கள். இரண்டாம் அலை ஏறிக்கிட்டிருந்த நேரம்! எதிர்ப்பு கிளம்பிய பிறகே, ஏப்ரலில் நீட்டிப்பு. மே தொடக்கத்தில் தினசரி தொற்று 4 லட்சம்.

5/ காலத்துக்கும் கொடுங்கன்னு யாரும் கேட்கல. வார்டில் ஆக்சிஜனை நிறுத்தணும்னா சாச்சுரேஷன் பார்த்து, படிப்படியா குறைப்போம். காலண்டரைப் பார்த்து மாஸ்க்கைப் பிடுங்க மாட்டோம்.

6/ அடுத்த பெருந்தொற்றுக்கு முன்னாடியே எழுதி வைங்க: எந்த அளவு வந்தா உதவி குறையும், எப்போ நிற்கும், இறந்தவங்களை யார் எண்ணுவாங்க. ஓட்டு கேட்டு வர்ற எம்.பி.கிட்ட இந்த மூணையும் கேளுங்க.