பத்திரம் பதிவதற்கு முன்...

திருவண்ணாமலையில் வீடு வாங்குகிறவர்கள் பலர் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு, "எல்லாம் க்ளியரா இருக்கு" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதியாத உயிலோ வாரிசுத் தகராறோ அதில் தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருக்க முடியாது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆக, பார்க்க வேண்டியது நாம்தான். தாய்ப்பத்திரம், பட்டா, மனை அங்கீகாரம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பவர் வாங்கியவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். விற்பனை ஒப்பந்தத்தையும் பதிந்துவிடுங்கள்.

காகிதத்தில் இல்லாத விஷயமும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இந்த ஆபத்தை எந்த வில்லங்கச் சான்றும் சொல்லாது. மழை நாளில் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

மனசுக்குத் திருப்தி இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு வீடு கிடைக்கும்.