சூப்பர்மேன் இருந்தும் கண்மாய் ஏன் வறண்டது?



திருச்சுழிக்குப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். நோட்டுத் தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய நீளமான கடிதம். படித்து முடித்ததும் இந்த மாதத்து ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

வாரக் கடைசியில் கூடி ரோல் பிளேயிங் விளையாட்டு ஆடுகிறார்களாம். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக்கொண்டு அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள், எடுத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு வழிபோட்டது. நம் மாணவர்கள் அதைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுடைய நாயகர்கள் அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்திலும், கரிமூட்டம் போடும் காட்டிலும், குண்டாற்று மணலிலும் சக்தி பெற்றவர்கள். கடிதத்தின் கடைசியில்தான் கேள்வி இருக்கிறது. இந்த உலகத்தை, தாங்கள் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ கார்ட்டூன் உலகத்தோடு முரண் இல்லாமல் சேர்க்க முடியுமா? “பெரிய பெரிய நகரம் எல்லாம் இருக்கிற கதைக்குள்ள எங்க ஊரு ஒட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒட்டும் தம்பிகளா, தங்கைகளா. நம் பக்கத்தில் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள்.

வியாசரின் பாரதத்தில், சகோதரர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை மீறியதற்காக அர்ச்சுனன் நாட்டை விட்டுத் தீர்த்த யாத்திரை போகிறான். 12 ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் உலூபி, சித்திராங்கதை, சுபத்திரை ஆகியோரை மணக்கிறான். 12 ஆண்டுகளுக்கு மூலக்கதை சொல்லும் சம்பவங்கள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் திறந்த வெளி. தெற்கே இருந்த கதைசொல்லிகள் அந்த வெளியைப் பார்த்தார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்தில் சித்திராங்கதை பாண்டியன் மகள் ஆனாள். மக்கள் நடுவே வளர்ந்த ‘அல்லி அரசாணி மாலை’ இன்னும் துணிந்து ஒரு முழு உலகத்தையே உள்ளே கொண்டுவந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அந்தக் கதை, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்றது. நம் பாட்டிமார் அதைச் சத்தம்போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் ஏராளம்.

அந்தக் கதையில் மதுரையை ஆள்பவள் அல்லி. நாட்டைப் பறித்திருந்த நீன்முகனை வென்று அரியணை ஏறியவள், ஆண்களை அண்டவிடாதவள். பாரதத்தின் மாபெரும் வில்லாளி இவள் ஊருக்கு வந்து நிற்கும்போது அவன்தான் தவிக்கிறான். கண்ணனின் துணையும் தந்திரமும் இல்லாமல் அவனால் அவளை நெருங்கவே முடியவில்லை. அவர்களுக்குப் பிறந்த புலந்திரனுக்கும் தனிக்கதை உண்டு. அதே வழியில் அர்ச்சுனனுக்கு இன்னொரு நாயகியாகப் பவளக்கொடியும் வந்து சேர்ந்தாள். 1934-இல் அந்தக் கதையைப் படமாக்கியபோதுதான் எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அல்லியின் கதையைச் சொன்னவர்கள் குருக்ஷேத்திரத்தின் முடிவில் கைவைக்கவில்லை. சூதாட்டத்தில் யார் தோற்றார், பதினெட்டாம் நாள் யார் மிஞ்சினார் என்பதெல்லாம் இருந்தபடியே இருக்கிறது. மூலக்கதை பேசாமல் விட்ட இடத்தில் மட்டும் குடியேறினார்கள். ஆனால் குடியேறிய இடத்தில் ஒடுங்கி நிற்கவில்லை. அங்கே தங்கள் ஊரின் அரசிக்கு முழு உயரம் கொடுத்தார்கள். அர்ச்சுனனைத் தூக்கிப் பிடிப்பதற்காக அல்லியைக் குள்ளமாக்கியிருந்தால், இத்தனை தலைமுறை அவளைச் சுமந்து வந்திருக்காது.

இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை எத்தனை பேர் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள்? வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு, எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியாமலே நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிறார்கள். தர்க்கத்தில் யார் கை ஓங்கினாலும் கடைசியில் வள்ளிக்குக் கல்யாணம் நடந்தே தீரும். பகடை மட்டும்தான் இல்லை. நீங்கள் வாரக் கடைசியில் ஆடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கார்ட்டூன் உலகத்துக்கு வருவோம். 1992 செப்டம்பரில் ‘பேட்மேன்’ அனிமேஷன் தொடரோடு தொடங்கி, ‘சூப்பர்மேன்’, ‘ஜஸ்டிஸ் லீக்’ வழியாக 2006 வரை ஒரே கதைத்தொடர்ச்சியாக ஓடிய உலகம் அது. வெளியிலிருந்து வந்த ஊர் ஒன்று அதற்குள் சேர்ந்த கதையும் உண்டு. டுவைன் மெக்டஃபியும் நண்பர்களும் 1993-இல் மைல்ஸ்டோன் என்ற பெயரில் காமிக்ஸ் வெளியிடத் தொடங்கினார்கள். கறுப்பினப் படைப்பாளிகள் தங்கள் மக்களை நாயகர்களாக்க உருவாக்கிய நிறுவனம் அது. டகோட்டா என்று ஒரு நகரத்தைக் கற்பனை செய்தார்கள். அங்கே மின்சக்தி பெற்ற பள்ளி மாணவன் விர்ஜில், ஸ்டாடிக் என்ற பெயரில் உலவினான். டகோட்டா தனி உலகம், சூப்பர்மேனின் மெட்ரோபொலிஸ் அதில் கிடையாது. 2000-இல் ‘ஸ்டாடிக் ஷாக்’ கார்ட்டூனாக வந்தபோதும் முதலில் தனித்தே நின்றது. பிறகு பேட்மேன் டகோட்டாவுக்கு வந்தார், ஜஸ்டிஸ் லீக்கும் வந்தது. 2005-இல் ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ வருங்காலத்தைக் காட்டியபோது, அங்கே வளர்ந்த ஆளாக ஸ்டாடிக் நின்றான்.

பேட்மேன் வந்துபோன பிறகும் விர்ஜிலின் அப்பா சமூக மையத்தில்தான் வேலை பார்க்கிறார், தெருவில் சண்டை போடும் பையன்களின் பிரச்சினை டகோட்டாவின் பிரச்சினையாகவே இருக்கிறது. இணைந்ததால் ஊர் கரையவில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அந்த உலகத்தில் உங்களுக்கான 12 ஆண்டுகள் எங்கே? ‘ஜஸ்டிஸ் லீக்’ முடியும் காலத்துக்கும், 1999-இல் வந்த ‘பேட்மேன் பியாண்ட்’ தொடர் காட்டும் வருங்காலத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகள் கிடக்கின்றன. அவற்றில் என்ன நடந்தது என்று கார்ட்டூனில் சொன்னது மிகக் குறைவு. அதோடு, லீக் பெரிதானபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாயகர்கள் திரையில் வந்தார்கள். பலர் கூட்டத்தில் நின்றதோடு சரி, ஒரு வசனம்கூடப் பேசவில்லை. உங்கள் ஆள் அங்கே நின்றிருந்தான் என்றால் மறுக்க யாராலும் முடியாது.

காலத்தைப் பொருத்துவது இப்படிச் சுலபம். கடினமான கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். சூப்பர்மேன் இருக்கிற உலகத்தில் திருச்சுழிக் கண்மாய் ஏன் வறண்டு கிடக்கிறது? ஒரே பறப்பில் கடலையே அள்ளக்கூடியவர் ஆயிற்றே. இதற்குப் பதில் இல்லாவிட்டால் உங்கள் உலகம் அந்த உலகத்தில் ஒட்டாது. வெறும் சண்டைக் காட்சிதான் மிஞ்சும்.

பதில் உங்கள் காலடி மண்ணில் இருக்கிறது. நம் கண்மாய்கள் ஒன்றோடொன்று கோத்தவை. மேலே இருப்பது நிறைந்தால் கழுங்கு வழியாகத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். வரத்துக்கால் தூர்ந்தால், கரை உடைந்தால், உள்வாய் மேடிட்டால், நடுவில் ஒருவர் மறித்தால் கீழே இருக்கும் ஊருக்கு வராது. சூப்பர்மேன் ஒருநாள் வந்து நிரப்பிவிட்டுப் போகலாம். அடுத்த ஆவணியில் வரத்துக்காலை வெட்டிச் சுத்தம் செய்வது யார்? எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று நடுநிலையாகப் பிரித்துவிடுவது யார்? அதற்கு மடையைத் திறந்து மூடத் தெரிந்த நீர்ப்பாய்ச்சி வேண்டும். அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட வேண்டும். உங்கள் நாயகர் பட்டியலில் ஒரு நீர்ப்பாய்ச்சி இல்லை, உடனே சேருங்கள். மெட்ரோபொலிஸ் தராத சக்தி அவருடையது.

வில்லனுக்கும் இங்கே பஞ்சமில்லை. நீங்கள் சீமைக்கருவேலத்தை அசுரனாக்கியிருக்கிறீர்கள். சரிதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரம் கண்மாய்க்குள்ளும் ஓடைக்குள்ளும் புகுந்து அடைத்துக் கிடக்கிறது. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அதே மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. உங்கள் கூட்டத்திலேயே கரிமூட்டத்தில் சக்தி பெற்ற நாயகி இருக்கிறாள். அந்த மரம் அடியோடு அழிந்தால் அவள் வீட்டில் என்ன சமைப்பார்கள்? இந்தக் கேள்வியை விளையாட்டில் வைத்துப் பாருங்கள். ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரின் நல்ல கதைகளில், நாயகர்களைக் கண்டு அஞ்சும் அரசாங்கத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கும். உங்கள் கருவேலங்காட்டுக்கும் அப்படி ஒரு நியாயத்தைக் கொடுங்கள்.

2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய காவிரி – வைகை – குண்டாறு இணைப்பையும் உங்கள் கதையின் வருங்காலத்தில் வைக்கலாம். தண்ணீர் வந்த பிறகு கரிசல் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

இப்படி நாயகர்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆசையும் நமக்குப் புதிதல்ல. நமக்கு மேற்கே சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, இரும்புக்கை மாயாவி தமிழ் பேசினார். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது, ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் இங்கிலாந்தில் வெவ்வேறு தொடர்களில் தனித்தனியாகப் பிறந்தவர்கள். அவர்களை ஒரே கதைக்குள் கூட்டிய ‘ஆல்பியன்’ 2005-இல் வந்தது. நம் ஊர்த் திண்ணைகளில் பிள்ளைகள் அதற்கு வெகுகாலம் முன்பே மாயாவியையும் ஸ்பைடரையும் மோதவிட்டு, யார் ஜெயிப்பார் என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். அச்சடித்துக் கொடுக்கும் வேலையில் உலகத்துக்கே பேர்போன மாவட்டம் நம்முடையது. நாம் அச்சடித்த நாயகர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்பதில் எனக்கு வெகுநாள் ஏக்கம் உண்டு. உங்கள் கடிதம் அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் ஆற்றியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நண்பர்களுக்குள் ஆடும்போது பேட்மேனை எத்தனை முறை வேண்டுமானாலும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். அச்சுக்கு வரும்போது பிறர் படைத்த நாயகர்களை எடுத்தாள நமக்கு உரிமை இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினும் அவருடைய எழுத்தாள நண்பர்களும் 1980-களில் நியூ மெக்சிகோவில் ‘சூப்பர்வேர்ல்ட்’ என்ற விளையாட்டை ஆடித் தீர்த்தார்கள். ஆட்டத்தில் பிறந்த தங்கள் நாயகர்களையே வைத்து, தங்களுக்கென்று சொந்த உலகம் அமைத்து, 1987-இல் ‘வைல்ட் கார்ட்ஸ்’ நூல் வரிசையைத் தொடங்கினார்கள். அது இன்னும் நீள்கிறது. இணைத்துப் பார்த்து ஆடியது பயிற்சி. அந்தப் பயிற்சியால் உங்கள் கரிசல் உலகம் தன் காலில் நிற்கப் பழகியிருக்கும்.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு புதிய பகுதி தொடங்குகிறோம். உங்கள் ஊரையும், உங்கள் ஊரின் தண்ணீரையும் தொழிலையும் பேச்சையும் களமாகக் கொண்ட சொந்த நாயகரின் கதையை எழுதி அனுப்புங்கள். படம் வரையத் தெரிந்தவர்கள் வரைந்தும் அனுப்பலாம். இருவராக, மூவராகச் சேர்ந்து எழுதுவதும் நல்லதே. தேர்வாகும் கதைகளை அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம். முதல் இடம் திருச்சுழி மாணவர்களுக்கு. தம்பிகளே, தங்கைகளே, நீர்ப்பாய்ச்சியைச் சேர்த்து எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்