காம்புக்கு விலை கொடுப்போம்

மளிகைக் கடைக்காரருக்குப் பூசணிக்காய் ஒரு சரக்கா என்று சிலர் கேட்கலாம். பருப்பு, எண்ணெய் போல அது நம் கல்லாவை நிரப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏரியூர், நாகமரை, பென்னாகரம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கொல்லையில் காய்த்த இரண்டு மூன்று காய்களைக் கூடையில் சுமந்து வந்து, "கணக்குல கழிச்சுக்கோங்கண்ணா" என்று இறக்கிவிட்டுப் போகும் தாய்மார்கள் இன்றும் உண்டு. அந்தக் காய் அழுகினால் நஷ்டம் நமக்கு. அடிமாட்டு விலைக்குப் போனால் நஷ்டம் அவர்களுக்கு.

கொங்குப் பக்கம் அரசாணிக்காய், சென்னையில் பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்துக் காயைப் பரங்கியர் கொண்டு வந்ததால் அந்தப் பெயர். வந்த காய் இன்று பல வீடுகளில் பொங்கல் குழம்புக்குக் கட்டாயமாகிவிட்டது!

விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் விதைத்த கொடி ஐப்பசி, கார்த்திகையில் காய் கொடுக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-2 ரகத்துக்கு வயது சுமார் 135 நாள். தேவை உச்சத்துக்கு வருவதோ தை பிறக்கும்போது. இடையில் இரண்டு மாதம். நன்கு முற்றிய காய் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். பாலக்கோடு தக்காளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விலை சரிந்தால் சாலையோரம் கொட்டுவதைப் பார்க்கிறோம். பூசணி நமக்காகக் காத்திருக்கும் காய். காத்திருக்க விடாமல் கெடுப்பது நாம்தான் என்பது என் கருத்து.

எப்படி என்றால், எடையை மட்டும் பார்த்து ஒரே விலை போடுகிறோம். முற்றியதா, அரைப் பதமா என்று பார்ப்பதில்லை. ஒரே விலை என்றால் விவசாயி எதற்காக இன்னும் இரண்டு வாரம் கொடியில் விட்டு வைப்பார்? நாமும் காம்பு எடையில் சேர்கிறதே என்று ஒட்ட வெட்டச் சொல்கிறோம். காம்பு போன வாய் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்குகிறது.

முற்றிய காயைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். காம்பு காய்ந்து கட்டைபோல் ஆகியிருக்கும். நகத்தால் கீறினால் தோலில் இறங்காது. தரையில் படிந்த பக்கம் மஞ்சளாகியிருக்கும். மழை விட்டு நிலம் உலர்ந்த பின், நாலு விரல் காம்பு விட்டு அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பத்து நாள் நிழலில் காற்றாட வைத்தால் தோல் இறுகும், சிறு கீறல்களும் ஆறும். நம் ஊர் வெப்பமே அதற்குப் போதும். வெளிநாட்டில் இதற்கென்று அறையைச் சூடாக்குகிறார்கள்!

கடையில் சிமெண்டுத் தரை மேல் குவிக்காமல், பலகை மேல் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் வைக்க வேண்டும். பழுக்கிற வாழைத்தார் பக்கத்தில் வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு காயின் ஆயுளைக் குறைக்கும். முழுக் காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் தவறு. பத்து டிகிரிக்குக் கீழே குளிர் தாக்கினால், வெளியே எடுத்ததும் சீக்கிரம் கெடும். கீற்றுப் போட்டது மட்டும் குளிரில் இருக்கலாம். ஆயுத பூஜைக்கு வாங்கும் வெள்ளைப் பூசணிக்கும் இந்த முறைதான். ஆனால் அதன் மேலிருக்கும் சாம்பலைப் பளபளப்புக்காகத் துடைத்துவிடாதீர்கள். அதுதான் அதற்குச் சட்டை.

"கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. பத்துக் காய் வாங்கி இரண்டு அழுகினால், மீதி எட்டின் தலையில் கொள்முதல் விலை கால் பங்கு ஏறிவிடுகிறது. அந்தக் கால் பங்கில் பாதியை முற்றிய காய்க்குக் கொடுத்தாலும் நமக்கு லாபமே. நாள்பட வைத்தால் எடை கொஞ்சம் குறையும். அதையும் கணக்கில் வைத்தே சொல்கிறேன். பிஞ்சுக் காய் வந்தால் ஒதுக்க வேண்டாம். கூட்டுக்கு அதுவும் ருசிதான். இரண்டு நாளில் தள்ளிவிட வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று. கோ-1 காய் ஏழெட்டு கிலோ வரும். வெட்டினால் அன்றே விற்றாக வேண்டும். கோ-2 ஒன்றரை, இரண்டு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு முழுக் காயாகவே கொடுத்துவிடலாம். விதை கேட்கும் விவசாயிகளிடம் இதையும் சொல்லுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் நமது ஏரியூர், பென்னாகரம் வணிகர்கள் கூடி, காம்போடு முற்றிய காய்க்கு ஒரு விலை, மற்றதற்கு ஒரு விலை என்று முடிவு செய்து, கடை வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் பயன் இருக்காது. பக்கத்துக் கடை ஒரே விலைக்கு வாங்கும்வரை அரைப் பதக் காய்தான் சந்தைக்கு வரும்.