பழைய பாம்பன் பாலத்தை எடைக்குப் போடலாமா?

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தாங்க. ரீல்ஸ் எல்லாரும் பார்த்திருப்பீங்க. பக்கத்துலேயே இருக்கிற பழைய பாலம் யார் கண்ணுக்கும் படலை. 1914-ல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1964 புயலில் சிதைஞ்சு, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டு வந்தது. 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. இப்போ அதைக் கழற்றி அகற்றுறதுதான் ரயில்வேயின் முடிவு.

என் கருத்து: முழுசா கழற்றக் கூடாது. கரையை ஒட்டிய ஒரு பகுதியையாவது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடணும்.

"துருப்பிடிச்ச பாலம், ரிஸ்க்"னு சொல்வாங்க. நியாயமான கேள்விதான். உப்புக்காத்து அங்கே இரும்பைத் தின்னுது. ஆனா கணக்கு போடுங்க. கூட்டம் நெருக்கி நின்னாலும் சதுர மீட்டருக்கு சுமார் 500 கிலோ. 2 மீட்டர் அகலப் பாதைன்னா, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 டன். ரயில் இன்ஜின் அதைவிட 5 மடங்குக்கு மேல அழுத்தும், அதிர்வு வேற. ஒவ்வொரு கர்டரையும் சோதிச்சு, தேறாததை எடுத்துட்டு, தேறினதில் தளமும் கைப்பிடியும் போடலாம். காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலை நிறுத்துவாங்க. அதே விதியில் பாதையையும் மூடலாம்.

கப்பல் போக வழி வேணும். அதனால் நடுவில் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதியை எடுத்துத்தான் ஆகணும். அதைக் கரையில் நிறுத்தினா, நம்ம மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு அதைவிட நல்ல லேப் கிடையாது.

அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேல் 1889-ல் கட்டின ரயில் பாலம் 1974-ல் தீப்பிடிச்சு மூடிக் கிடந்தது. 2009-ல் அதை நடைபாதையாத் திறந்தாங்க. அதுவும் கிட்டத்தட்ட பாம்பன் நீளம்தான். அங்கே உப்புக்கடல் இல்லை, உண்மை. பராமரிப்புச் செலவு இங்கே கூடும். அதனாலதான் முழுப் பாலமும் கேட்கலை, ஒரு பகுதி கேட்கிறேன்.

எங்க திருப்பருத்திக்குன்றத்து சமணக் கோயிலில் 14ஆம் நூற்றாண்டில் இருகப்பர் கட்டின சங்கீத மண்டபம் இருக்கு. பழசாச்சுன்னு அதை இடிக்க யாரும் சொல்ல மாட்டாங்க. கல்லுன்னா பாரம்பரியம், இரும்புன்னா காயலான் கடையா? நூறு வருஷம் கடலோட மல்லுக்கட்டின பாலத்தை எடை போட்டு வித்தா, அடுத்த பேட்ச் அதைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தான் பார்க்கும்.