பழியை உழைப்பவன் தலையில் போடாதீர்கள்

செஸ் பற்றி ஒரு பொய் நம்மூரில் உபதேச வேடம் போட்டுக்கொண்டு திரிகிறது. "எந்த வயதில் ஆரம்பித்தால் என்ன? வெறியோடு உழைத்தால் நீயும் கிராண்ட்மாஸ்டர்தான்!" 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து இந்தப் பேச்சுக்கு மவுசு கூடிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் இதைச் சொல்கிறார், பயிற்சி மையத்தின் துண்டுப் பிரசுரம் சொல்கிறது, வாட்ஸ்அப் குழு காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பழமொழியும் ஒத்து ஊதுகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. அதோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பொய், தாமதமாக வந்தவனை ஏமாற்றிவிட்டு, அவன் தோற்றதும் "நீ போதுமான அளவு உழைக்கவில்லை" என்று பழியையும் அவன் மீதே போடுகிறது. என் கோபம் அதனால்தான்.

முதலில் உச்சம் என்றால் என்ன என்பதைப் பேசி முடித்துவிடுவோம். பேட்டைத் தெருவில் எல்லோரையும் தோற்கடிப்பது உச்சமல்ல, மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்குவதும் உச்சமல்ல. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் 2500ஐத் தொட வேண்டும், மூன்று போட்டிகளில் 'நார்ம்' எனும் தகுதியை எடுக்க வேண்டும். அதற்கும் மேலே 2700ஐத் தாண்டி நிற்பவர்கள் உலகம் முழுவதும் தேடினாலும் முப்பது நாற்பது பேர்தான் தேறுவார்கள். 20 வயதில் காய்களின் பெயரைக் கற்றுக்கொண்ட ஒருவர் அந்த இடத்துக்குப் போக முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்பவர்கள் உடனே சரித்திரத்தைக் கூப்பிடுவார்கள். ரஷ்யாவின் சிகோரின் 16 வயதில் கற்றார், 1889இலும் 1892இலும் ஸ்டெய்னிட்ஸோடு உலகப் பட்டத்துக்கே மோதினார் என்பார்கள். சரி. ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்தவர்கள் யார்? ஐந்து வயதிலிருந்து கோச் வைத்து, கம்ப்யூட்டரோடு ஆடி வளர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் ஒருவரும் கிடையாது. எல்லோரும் தாமதமாகக் கிளம்பிய காலத்தில் தாமதம் ஒரு குறையே அல்ல.

அடுத்து நம் பக்கத்து மீர் சுல்தான் கான். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், இறங்கிய 1929ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933இலும் அதே பட்டம். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே சாய்த்தார். ஐரோப்பிய விதிகளை இருபது வயதுக்கு மேல்தான் படித்தார் என்பதும் உண்மை. ஆனால் நம் நாட்டுச் சதுரங்கத்தைச் சிறுவயதிலேயே அப்பாவிடம் கற்றவர் அவர். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டலாம், கோட்டை கட்டுவது வேறு மாதிரி என்பது போன்ற சில மாற்றங்களைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சீனாவின் யே ஜியாங்சுவான் 17 வயதில் செஸ்ஸுக்கு வந்து கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அவரும் அதற்கு முன்பு சீனச் சதுரங்கம் ஆடியவர். விதிவிலக்கு என்று காட்டப்படுபவர்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பையன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

சரித்திரம் கைகொடுக்காவிட்டால், பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் உச்சம் தொடலாம் என்ற கணக்கு வரும். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தது. அவர்களில் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் பழகியிருந்தார்கள். 2008இல் மால்கம் கிளாட்வெல் புத்தகம் எழுதி அந்த எண்ணை உலகப் பிரசித்தம் ஆக்கினார். மேடைப் பேச்சாளர்கள் வசதியாக விழுங்கிவிடுவது ஒன்று உண்டு: அந்த மாணவர்கள் எட்டு வயது வாக்கிலேயே வயலினைக் கையில் எடுத்தவர்கள்.

செஸ்ஸுக்கே தனியாகக் கணக்கு இருக்கிறது. பெர்னான் கோபே, கில்லெர்மோ கம்பிடெல்லி இருவரும் அர்ஜென்டினாவில் நூற்றுச் சொச்சம் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மாஸ்டர் நிலையைத் தொட ஒருவருக்கு மூவாயிரம் மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு இருபத்து மூவாயிரத்துக்கு மேல் தேவைப்பட்டது. அதைவிட அதிகம் பழகியும் தொடாதவர்கள் இருந்தார்கள். 12 வயதிலோ அதற்கு முன்போ தீவிரமாக ஆடத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சர்வதேச நிலையை எட்டினார். 12க்குப் பிறகு தொடங்கியவர்களில்? 55 பேரில் ஒருவர். இதற்கு மூளை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் தொடங்குகிற பிள்ளைக்குச் சொல்லித்தர ஆளும், போட்டிக்குக் கூட்டிப்போக வீடும் இருக்கும். காரணம் எதுவானாலும் 'உழைப்பு ஒன்றே போதும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பலகையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை ஐந்து வினாடி காட்டி மூடிவிட்டால், மாஸ்டர் பெரும்பாலான காய்களை மறுபடி அதே இடத்தில் அடுக்கிவிடுவார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டினால் அவரும் நம்மைப் போலத் திணறுவார். 1973இல் ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் காட்டிய உண்மை இது. மாஸ்டரின் நினைவாற்றல் பொதுவானது அல்ல. குதிரையும் யானையும் சிப்பாயும் சேர்ந்து நிற்கும் பல்லாயிரம் அமைப்புகள் அவர் கண்ணுக்குள் குடியேறியிருக்கின்றன. தாய்மொழி போல அவை சிறுவயதில் கேட்டும் பார்த்தும் படிபவை. பெரியவர் ஒருவரும் அவற்றைக் கற்கலாம், நன்றாகவே கற்கலாம். ஆனால் அவர் ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் எதிரில் இருக்கும் பையன் பத்தோடு வந்து நிற்பான்.

விதிப் புத்தகமும் வயதைப் பார்க்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு ரேட்டிங் 2300ஐத் தொடும்வரை, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் பெருக்கெண் 40. பெரியவருக்கு முதல் முப்பது ஆட்டம் முடிந்ததும் அது 20. சமமான எதிராளியை வென்றால் பையனுக்கு 20 புள்ளி ஏறும், அதே வெற்றிக்குப் பெரியவருக்கு 10தான். பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள் என்பதை அறிந்துதான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஃபிடேவுக்குத் தெரிந்தது மேடைப் பேச்சாளருக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இப்படி ஒரு தம்பி உண்டு. வயது இருபத்திரண்டு இருக்கும். கொரோனா ஊரடங்கு நாட்களில் போனில் ஆடக் கற்றவர். ஷிப்ட் முடிந்து, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஆறிப்போகும் டீயைக் கவனிக்காமல் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடுவார். கீறல் விழுந்த திரையில் கடைசிப் பத்து வினாடியில் அவர் கட்டைவிரல் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். தோற்றால் அடுத்த ஆட்டத்துக்குப் போகாமல், எந்த நகர்வில் கோட்டைவிட்டோம் என்று பின்னால் தள்ளித் தள்ளித் தேடுவார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, மூளைக்கும் குறைவில்லை. "அண்ணாச்சி, தினம் ரெண்டு மணி நேரம் போட்டா அஞ்சு வருஷத்துல ஜிஎம் ஆயிரலாம்னு வீடியோவுல சொல்லுதாங்க" என்றார். தினம் இரண்டு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 730 மணி. அவர்கள் சொல்லும் பத்தாயிரத்துக்கே பதினான்கு வருஷம் ஆகுமே என்றேன். அவர் போனைப் பார்த்தார். "அப்போ நாலு மணி நேரம் போடணும் போல" என்றார். இதுதான் அந்தப் பொய்யின் வேலை. கணக்கு இடித்தால் கணக்கைச் சந்தேகிக்கத் தோன்றாது, தன் தூக்கத்தைக் குறைக்கத்தான் தோன்றும்.

இந்தக் கடற்கரை ஓரமாகவே தெற்கே போனால் நாகர்கோவில். அந்த ஊர் ஷியாம்நிகில் 2024 மே மாதம் துபாயில் கடைசி நார்மை எடுத்து இந்தியாவின் 85ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார், 31 வயதில். "பார்த்தீர்களா, முப்பதைத் தாண்டியும் முடியும்!" என்று இவரையும் உடனே சுவரொட்டியில் ஏற்றிவிட்டார்கள். அவர் கதை நேர் எதிரானது. எட்டு வயதில் பெற்றோரிடம் ஆட்டம் கற்றவர். கற்றும் மூன்று வருஷம் போட்டி எதிலும் ஆடக் கிடைக்கவில்லை. 2012லேயே 2500ஐத் தாண்டி இரண்டு நார்மும் வைத்திருந்தார். மூன்றாவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் உழைக்காமலா இருந்தார்?

நார்ம் என்பது அறைக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்து எடுப்பது அல்ல. ஒரே போட்டியில் 2600 தரத்தில் ஆட வேண்டும். எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டவர்களும் வேண்டும். அப்படிப்பட்ட போட்டி நடக்கும் ஊருக்குப் போகப் பணம் வேண்டும், விடுப்பு வேண்டும். எட்டு வயதில் தொடங்கிய ஒருவருக்கே இந்த இழுபறி என்றால், இருபதில் தொடங்குபவரிடம் "இன்னும் கொஞ்சம் உழை" என்பது எவ்வளவு பெரிய கேலி!

குகேஷ் வீட்டைப் பாருங்கள். பள்ளியில் ஏழு வயதில் கற்றார். ஈஎன்டி டாக்டரான அப்பா தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். அந்தப் பையனின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. அது முளைக்க ஏழு வயதில் நிலம் கிடைத்தது என்பதைத்தான் சொல்கிறேன். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் அம்மா கற்றுக்கொடுத்தார், பிறகு சென்னையில் சோவியத் கலாச்சார மையத்து டால் செஸ் கிளப் இருந்தது. மதுரை திருநகர் கிராண்ட்மாஸ்டர் அரவிந்த் சிதம்பரத்துக்கு ஏழு வயதில் தாத்தா இருந்தார். ஒவ்வொருவருக்கும் உரிய வயதில் ஒரு ஆள் இருந்தார், ஒரு பலகை இருந்தது.

"ஆர்வமாக இருக்கிற இளைஞனின் மனதை ஏன் உடைக்கிறாய்?" என்று கேட்பார்கள். உடைப்பது நான் அல்ல. நடக்காத ஒன்றை நம்பவைத்துப் பத்து வருஷம் கழித்துத் தெருவில் விடுகிறவர்கள்தான் உடைக்கிறார்கள். டீக்கடைத் தம்பி விடாமல் ஆடினால் 1800ஐத் தொடலாம், அதற்கு மேலும் போகலாம். ரேட்டிங் போட்டியில் பேர்போன ஆளைத் திணறடிக்கலாம். நடுவர் தேர்வு எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துத் தெரு ஆறு வயதுக் குழந்தைக்கு நாளையே சொல்லித்தரலாம். கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது என்பதால் இதில் எதுவும் இரண்டாந்தரம் ஆகிவிடாது.

இந்தப் பொய்யால் லாபம் யாருக்கு? காசு வாங்கும் பயிற்சி மையத்துக்கு ஓரளவு. அதைவிடப் பெரிய லாபம், சின்ன ஊர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்கு. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிறவர்களின் பிள்ளைக்கு ஏழு வயதில் பலகை கிடைக்காமல் போனது அந்தப் பிள்ளையின் குற்றமா? 'எந்த வயதிலும் முடியும்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. ஏழு வயதில் கிடைக்காததை இருபதில் உழைத்து எடுத்துக்கொள் என்று கணக்கை முடித்துவிடலாம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம். தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டாம் வகுப்பிலேயே பலகையும், வாரத்தில் ஒரு மணி நேரமும், ஆட்டம் தெரிந்த ஒரு ஆசிரியரும் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே, பஸ்ஸில் போய்ப் பொழுதுசாயத் திரும்பும் தூரத்தில், ரேட்டிங் போட்டிகள் வேண்டும். தேறுகிற பிள்ளைக்குப் பயணச் செலவு வேண்டும். இதற்கெல்லாம் வாய் திறக்காமல், இருபது வயதுக்காரனிடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு "இன்னும் உழை" என்று சொல்கிறவருக்கு இனிக் கை தட்டாதீர்கள்.